கிராணி குடித்த நித்தியகல்யாணி

“…அதுக்கு எதுக்குத் தம்பி ஆஸ்பத்திரி, கத்திதான் உன் கையில இருக்கே. சிரைக்கிறதோட சேர்த்து அதையும் ஒரு இழுப்பு இழுத்து எடுத்துப் போடுலா,” என்றார் கிராணி, காப்பியில் இனிப்பைக் குறைக்கச் சொல்கிற மாதிரி.

என் வலது கையில் சவரக்கத்தி, இடது கை அவர் தாடையில். அவருக்குப் பாதி முகத்தில் நுரை, மீதி முகத்தில் வேர்வை. எதிரே கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று வேறு யாராவது பார்த்தால் சொல்லவே முடியாது.

‘அது’ என்று அவர் சொன்னது இடது தாடைக்குக் கீழே கழுத்தில் இருந்த ஒரு கட்டியை. அப்படி ஒன்று இருப்பது அவரையும் சேர்த்து நான்கு பேருக்குத்தான் தெரியும். அவர், நான், என் அக்கா, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். ஐந்தாவதாகத் தெரியவே கூடாது என்று அவர் கட்டிக் காப்பாற்றியது அவருடைய பெண்சாதியிடமிருந்து. இந்த நிலைமைக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் குவாட்டர்ஸுக்குப் பின்னால் என் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிடப் பேச வருகிறவர்கள் அதிகம். கிராணி என்றால் குமாஸ்தா. இவருக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்று அட்டை எழுதித் தொங்கவிடுகிறவர். தடித்த மீசை, அடர்த்தியான தலைமுடி. என் சீப்பு அந்தத் தலைக்குள் போனால் வெளியே வர வழி கேட்கும். வாரம் ஒருநாள் சவரத்துக்கு வருவார். கண்ணை மூடிக்கொண்டு ஊர்க் கதை எல்லாம் பேசுவார்.

முகம் சிரைக்கிறவனுக்கு அந்தத் தெருவின் தாடைகள் எல்லாம் மனப்பாடம். எதில் குழி, எதில் மரு, எந்த இடத்தில் மயிர் சுழித்துக்கொண்டு முளைக்கிறது என்று விரலுக்குத் தெரியும். ஒருநாள் கிராணியின் கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்தபோது, போன வாரம் இல்லாத ஒன்று விரலில் தட்டியது. நிலக்கடலைப் பருப்பு அளவு. அழுத்தினால் நகரவில்லை.

“கிராணி, இது எப்பலேர்ந்து?”

“எது?”

“இதோ, இது.”

“கொசு கடிச்சிருக்கும்.”

“கொசு கடிச்சா உள்ள கல்லு மாதிரியா இருக்கும்?”

“இப்ப இருக்கிறது ஜப்பான் கொசு தம்பி. கடி கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, வாசலில் யாரும் கேட்டுவிட்டார்களா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அந்த நாளில் சிரிக்க வைக்கிறவனுக்குத்தான் முதல் ஆபத்து.

நான் விடவில்லை. நூல் ஒன்றை எடுத்துக் கட்டியின் மேல் குறுக்கே வைத்து, அந்த அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினேன். அடுத்த வாரம் வைத்தபோது முடிச்சு போதவில்லை. அன்றைக்கு அவர் ஊர்க் கதை பேசவில்லை. நான் எதிர்பாராத நேரத்தில், “என் அண்ணனுக்கும் கழுத்துலதான் வந்துச்சு. புத்துன்னாங்க. கத்தி வச்சாங்க. அதோட போயிட்டாரு. என் வீட்டுக்காரிதான் கடைசிவரைக்கும் பக்கத்துல இருந்து பார்த்தா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே,” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது நாற்காலியோடு நிற்க வேண்டும் என்பது என் தொழிலில் எழுதாத சட்டம். சரி என்று தலையாட்டிவிட்டேன். பின்னால் எவ்வளவு கஷ்டப்படப் போகிறேன் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு சுலபமாக ஆட்டியிருக்க மாட்டேன்.

ஒரு வழியாக அவரை டிரெஸ்ஸர் வீட்டுக்கு இழுத்துப் போனேன். டிரெஸ்ஸர் என்றால் பட்டம் வாங்காத பாதி டாக்டர். அந்தப் பஞ்ச காலத்தில் எங்களுக்கு அவர்தான் முக்கால் டாக்டர். அண்ணன் கதையைக் கேட்டுக்கொண்டே கட்டியை நன்றாக அழுத்திப் பார்த்தார்.

“இது சும்மா நெறிக்கட்டியாவும் இருக்கலாம், புத்தாவும் இருக்கலாம். என் விரலுக்கு அவ்வளவுதான் தெரியும். எதுவா இருந்தாலும் சின்னதா இருக்கிறப்பவே வெட்டி எடுத்திடணும் கிராணி. உங்க அண்ணன் கத்தி வச்சதால போகல, முத்தவிட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததால போனாரு. பெரிய டாக்டர் இன்னும் இருக்காரு. மயக்க மருந்துதான் கொஞ்சம் போத்தல் பாக்கி. தீர்ந்துச்சுன்னா அடுத்தது எப்ப வரும்னு எனக்கும் தெரியாது, கொண்டு வர வேண்டிய கப்பலுக்கும் தெரியாது. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ஆப்பரேஷன் தாள்ல அவங்க சைன் பண்ணணும்.”

வெளியே வந்ததும் கிராணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பார்த்தியா தம்பி, வெட்டினாத்தான் என்னன்னு தெரியுமாம். என்னன்னே தெரியாத ஒண்ணுக்கு நான் எதுக்கு வெட்டிக்கணும்?”

இதற்குப் பதில் சொல்ல நான் படித்தவனில்லை. பலசரக்குப் பொட்டலம் மடித்து வந்த பழைய பத்திரிகைத் தாளில் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவன். ஆனால் பதில் தப்பாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்குப் பின்கட்டில் என்னோடு இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. சண்டைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஜப்பான்காரன் வந்ததும் ஊசி மருந்து நின்றுபோனது. காய்கறி விற்க வரும் மலாய்க்காரப் பெரியம்மா ஒருத்தி, மக்சிக் என்று கூப்பிடுவோம், நித்தியகல்யாணி இலையை அவித்துக் குடிக்கச் சொன்னாள். வெள்ளையும் ஊதாவுமாக ஐந்து இதழில் பூக்குமே, அதுதான். அக்காவிடம் அந்தக் கசாயத்தைப் பற்றிக் கேட்டால், “செத்துடுவேன்னு நினைச்சுத்தான் குடிச்சேன். சாகல. அதனால தினமும் குடிக்கிறேன்,” என்பாள்.

ஒரு நாள் காலை அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பதை நாற்காலியில் இருந்த கிராணி பார்த்துவிட்டார்.

“அது என்னம்மா பச்சையா?”

“நித்தியகல்யாணி ஐயா. சர்க்கரையைக் கரைக்குது.”

“கரைக்குதா?” கிராணி நுரையோடு நிமிர்ந்தார். என் கத்தி மயிரிழையில் தப்பியது. “எத்தனை இலை?”

“ஏழு. சூரியன் கிளம்புறப்போ வெறும் வயித்துல.”

“எந்த மணிக்கு? டோக்கியோ நேரமா, நம்ம பழைய நேரமா?”

அவர் கேட்டதில் தப்பில்லை. கடிகாரத்தை எல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். கடிகாரம் காலை என்று சொல்லும்போது வெளியே கும்மிருட்டு. ரயில்வேக்காரருக்கு மணி தெரியாமல் எதுவும் கிளம்பாது.

“சூரியன் என்ன உங்க மெயில் வண்டியா ஐயா, மணி பார்த்துக் கிளம்ப?” என்றாள் அக்கா.

கட்டி விஷயத்தை அவரே அவளிடம் சொல்லிவிட்டார். அவள் பயந்துபோய், “ஐயா, இது சர்க்கரைக்குத்தான். கட்டிக்கு எனக்குத் தெரியாது. டிரெஸ்ஸர் சொன்னதைக் கேளுங்க,” என்றாள். அவர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். கூட்ஸ் ஷெட் கணக்கு அவர் தலையில் ஓட ஆரம்பித்துவிட்டது. “சர்க்கரைக்கு ஏழு இலை. சர்க்கரை லேசான சரக்கு. இது கல்லு. கல்லு ஏத்தின வண்டிக்கு ரெண்டு இஞ்சின் மாட்டணுமா இல்லையா?” என்று என்னையே கேட்டார். இரண்டு இஞ்சினோடு நிற்கவில்லை. ஏழு எழுபதாகி, எழுபது ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறையக் கசாயமாகி, காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று சர்வீஸ் ஓடியது. வீட்டில் கேட்டதற்கு வயிற்றுப் பூச்சிக்கு என்று சொல்லிவிட்டார்.

இலைக்கு எங்கே போவது? வாசலில் பூச்செடி வைத்திருந்தவர்கள் எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மரவள்ளி நட்டிருந்த காலம். மிச்சம் இருந்தது சுடுகாட்டில். “அங்க முளைச்சதைக் குடிச்சா அங்கேயே வந்து சேருன்னு கூப்பிடும்,” என்று அதற்கு மட்டும் மறுத்துவிட்டார். கிள்ளானில் ரயில் பாதையோரம் காடாகக் கிடக்கிறது என்று அந்த வண்டியின் கார்டு சொன்னார். அவ்வளவுதான். வாரம் ஒரு சாக்கு இலை கிள்ளானிலிருந்து கார்டு பெட்டியில், அட்டை எழுதித் தொங்கவிட்டு, ஒழுங்காக வந்து இறங்கியது. நாட்டுக்கு அரிசி வரவில்லை, கிராணிக்கு இலை தவறவில்லை.

ஒரு தடவை சாக்கைத் தூக்க என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். காவலுக்கு நின்ற சோல்ஜர் நிறுத்தினான். கடத்தல் அரிசி என்று நினைத்துச் சாக்கில் துப்பாக்கி முனையால் குத்தினான். இலை கொட்டியது. அவனுக்கு இன்னும் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு இலையை எந்த மனுஷன் பத்திரமாக ரயிலில் கொண்டு வருவான்? கிராணி இடுப்பு வளையக் குனிந்து, ரயில்வேக்காரர்களுக்கு நடத்திய வகுப்பில் படித்த ஜப்பான் பாஷையில், “குசுரி, குசுரி,” என்றார். மருந்து என்று அர்த்தம். சோல்ஜர் ஒரு கை இலையை அள்ளி அவரிடம் நீட்டி, தின்னு என்று காட்டினான். கிராணி வாங்கி வாயில் போட்டார். காய்ச்சினாலே நாக்கைப் பிடுங்கும் கசப்பு. பச்சையாக மென்றார். கண்ணில் நீர் வழிய, கடைசி நரம்புவரை விழுங்கிவிட்டு, மறுபடி குனிந்து, “ஒய்ஷி,” என்றார். ரொம்ப ருசி என்றால் ஜப்பான்காரர்கள் சொல்வது. சோல்ஜர் சிரித்தே விட்டான். வழியெல்லாம் கிராணி துப்பிக்கொண்டே வந்தார், நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது மாதம் கிராணி மாறத் தொடங்கினார். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். வயிற்றைத் தடவிக்கொண்டு, “நாலு நாளா லைன் பிளாக் தம்பி, ஒரு வண்டியும் நகரல,” என்றார். ஒரு நாள் தலை வாரிவிட்டபோது சீப்பு வழி கேட்கவில்லை. தானே சுலபமாக வெளியே வந்தது, ஒரு கொத்து முடியோடு. அடுத்த வாரம் புருவம் மெலிந்தது. அதற்கடுத்த வாரம் மீசையின் வலது கோடி காற்றில் ஆடியது.

இங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. கடைச் சோப்பு கிடைக்காததால் தேங்காய் எண்ணெயும் சாம்பல் காரமும் போட்டு நானே சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தேன். கிராணியின் பெண்சாதி ஒரு காலை நேரம் கடை வாசலில் வந்து நின்றாள். நாற்காலியில் ஆள், பெஞ்சில் மூன்று பேர்.

“ஏன்யா, என் வீட்டுக்காரர் தலைக்கு என்னத்தைப் போட்டே? மனுஷன் ராத்திரி படுத்தா காலையில தலகாணிக்குத் தலைமுடி முளைச்சிருக்கு, அவ்வளவு முடி! சோப்பு காய்ச்சுறியா, ஆசிட் காய்ச்சுறியா?”

பெஞ்சில் இருந்த மூவரும் ஒரே நேரத்தில் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. நாற்காலிச் சட்டம் தடுத்தது. “காரம் கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா,” என்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மறுநாளிலிருந்து பெஞ்சு காலி. “அவன் கடையில வெட்டச் சொல்ல வேண்டாம், சோப்பு போடச் சொன்னாலே போதும்” என்று பாசாரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்கே பிடித்திருந்ததால் கோபப்பட முடியவில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மனுஷன் பிழைத்தார், அப்புறமும் பல வருஷம் என் நாற்காலியில் உட்கார்ந்தார். இல்லாவிட்டால் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு மனசு வருமா? அந்தக் கட்டி புற்றா இல்லையா என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதைச் சோதித்துச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் இல்லை.

ஆனால் இலை விஷயம் எனக்குப் பிறகு தெரிந்தது. சுதந்திரமெல்லாம் கிடைத்து வெகு காலம் கழித்து என் அக்காவின் பேத்திக்கு ரத்தப் புற்று வந்தது. நரம்பில் ஏற்றின மருந்துகளில் ஒன்று எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். நித்தியகல்யாணி என்றார் டாக்டரம்மா. எனக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டது. சர்க்கரைக்கு உதவுமா என்று அந்த இலையைச் சோதிக்கப் போனவர்கள், அது ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த நூலைப் பிடித்துத்தான் இந்த மருந்துக்கு வந்து சேர்ந்தார்களாம். மலையாக இலை குவித்தால் சிட்டிகை மருந்து கிடைக்குமாம். வேகமாக வளர்வதை அது அடிக்கும், புற்றும் வேகமாக வளர்கிறது, முடியும் வேகமாக வளர்கிறது, அதனால் முடி கொட்டும், திரும்ப முளைக்கும், கால் மரத்துப்போகும், மலம் கட்டும் என்று அவர் அடுக்கினார். “இதையெல்லாம் எங்க கிராணி அப்பவே சொன்னாரும்மா,” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “யாராவது வீட்டுல இலையை அவிச்சுக் குடிச்சாங்கன்னா சொல்லுங்க, அது விஷம்,” என்றார். பேத்திக்கு முடி மறுபடி வந்தபோது முதல் வெட்டு நான்தான் வெட்டினேன்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். காலி பெஞ்சு. நாற்காலியில் பாதி முடி கொட்டிய தலையோடு கிராணி. டிரெஸ்ஸர் முந்தின நாள் சொல்லியனுப்பியிருந்தார், மயக்க மருந்து இன்னும் இரண்டு பேருக்குத்தான் காணும் என்று. அதைச் சொன்னதற்குத்தான் கத்தி உன் கையில் இருக்கிறதே என்று அவர் ஆரம்பித்தது.

“கிராணி, மயிரை வெட்டுற கத்தி இது. உள்ள என்ன ஓடுதுன்னு இதுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“அப்ப இன்னும் ஒரு மாசம் இலையைப் பார்ப்போம். கரைஞ்சுகிட்டுதான் இருக்கு.”

ஆணியிலிருந்து நூலை எடுத்தேன். முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது. போன வாரத்து முடிச்சை அவர் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் காட்டினேன். கட்டி முடிச்சுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

“நூல் சுருங்கியிருக்கும்.”

“நூலுமா கசாயம் குடிச்சுது?”

நான் சீப்பை எடுத்து ஒரு வாரு வாரி, வந்த முடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“இலை வேலை செய்யலைன்னு நான் சொல்லல கிராணி. நல்லாவே செய்யுது. தலையில செய்யுது, காலுல செய்யுது, வயித்துல செய்யுது. செய்ய வேண்டிய இடத்துல மட்டும் செய்யல. உங்க ஷெட்டுல சரக்கு ஏத்தின வேகனை அட்டை இல்லாம அனுப்புவீங்களா?”

“அனுப்பினா எங்க போகும்னு யார் கண்டா? போற வழியெல்லாம் முட்டும்.”

“அதான் உங்க உடம்புக்குள்ள முட்டிக்கிட்டு இருக்கு. இந்த வேகத்துல போனா கட்டி கரையறதுக்கு முன்னாடி நீங்க கரைஞ்சுடுவீங்க.”

கிராணி உள்ளங்கையில் இருந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கொஞ்சம் மீசையும் இருந்தது. பின்கட்டில் அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

“ரெண்டு பேருக்குத்தான் காணுமா?”

“ரெண்டே பேரு.”

“அவ சைன் போட்டாத்தான் வெட்டுவானா?”

“ஆமாம்.”

அன்றைக்கு ரேஷன் அரிசி நாள். பெண்கள் வரிசை என் கடை வாசல் வழியாகச் சாலை முனைவரை நீண்டிருந்தது. கிராணியின் பெண்சாதி நடுவில் நின்றாள், பையைக் கையில் சுருட்டிக்கொண்டு, என் கடைப் பக்கம் முகத்தைக் காட்டக்கூடாது என்று எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.

கிராணி எழுந்தார். கழுத்தைச் சுற்றிக் கட்டிய துணி அப்படியே இருந்தது, ஒரு கன்னத்தில் நுரையும் அப்படியே இருந்தது. “கிராணி, துடைச்சுட்டுப் போங்க,” என்றேன். கேட்கவில்லை. படி இறங்கி நேரே வரிசைக்குள் நுழைந்தார்.

“ஏய், பின்னால போய் நில்லுங்க!”

“ரயில்வேன்னா முன்னாடி வந்துடலாமா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க இது கோலம்? அந்தப் பாவி மறுபடியும் சோப்பு போட்டுட்டானா?” என்று கத்தினாள்.

கிராணி அவள் விரலில் இருந்து ரேஷன் பையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவள் கையைப் பிடித்துத் தூக்கி, நுரையை விலக்கி, இடது தாடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார்.